மாடஸ்டி நாவல்கள்: கொண்டாடுபவர்களும் குறை சொல்பவர்களும்

கேள்வி: லயன் காமிக்ஸில் மாடஸ்டி பிளைஸி கதைகளைப் படித்து வளர்ந்தவன் நான். மாடஸ்டியை உருவாக்கிய பீட்டர் ஓ'டானல் அவளை வைத்து ஆங்கிலத்தில் நாவல்களும் எழுதியிருக்கிறார் என்று இப்போதுதான் தெரிந்தது. படித்தவர்களைக் கேட்டால் ஒருவர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார், இன்னொருவர் "ஒரே இழுவை, பழைய வாடை" என்கிறார். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது? படிப்பதென்றால் எதில் தொடங்குவது?

பதில்:

இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. சித்திரக்கதை ரசிகர் ஒருவர் மாடஸ்டி நாவலைக் கையில் எடுக்கும்போது பெரும்பாலும் படம் இல்லாத காமிக்ஸ் ஒன்றை எதிர்பார்க்கிறார். அது அங்கே கிடைக்காது. ஓ'டானல் நாவலுக்கு வந்தபோது, காமிக்ஸ் கட்டத்துக்குள் அடங்காத சமாசாரங்களை எழுத வந்தார். சண்டைக்கு முன்னால் இருக்கும் பயம், காத்திருப்பு, கணக்குப் போடுவது. சண்டை முடிந்தபிறகு காயத்துக்குக் கட்டுப் போடுவது, கை நடுங்குவது. இது பிடித்தவர்கள் கொண்டாடுகிறார்கள். இதைத்தான் மற்றவர்கள் இழுவை என்கிறார்கள்.

கொஞ்சம் பின்கதை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. குற்ற உலகத்தை விட்டு விலகிவந்த சாகசக்காரி மாடஸ்டி பிளைஸி 1963 மே 13 அன்று லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' மாலைப் பத்திரிகையில் தினசரித் துண்டாகத் தொடங்கினாள். எழுத்து ஓ'டானல், படம் ஜிம் ஹோல்டவே. இருவரும் அதற்கு முன்பே 'ரோமியோ பிரவுன்' என்ற தொடரில் சேர்ந்து வேலை செய்தவர்கள். தினசரித் துண்டு என்றால் ஒரு நாளுக்கு இரண்டு, மூன்று கட்டம். நேற்றைய இதழைத் தவறவிட்டவருக்கும் புரியவேண்டும், இன்று ஏதாவது நடக்கவேண்டும், கடைசிக் கட்டத்தில் நாளைக்கு ஒரு கொக்கி வேண்டும். ஒரு கதை முடிய நாலைந்து மாதம் ஆகும். இந்த நெருக்கடிக்குள் ஒருவர் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்பதை ஒரு சின்னக் குமிழுக்கு மேல் காட்ட முடியாது. ஹோல்டவே மாதிரி ஒரு ஓவியர் முகபாவத்தில் நிறையச் சொல்லிவிடுவார், அது வேறு.

நாவல் பிறந்தது சினிமாவால். மாடஸ்டியைப் படமாக்க முடிவானபோது திரைக்கதையை ஓ'டானலே எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு வேறு கைகள் மாற்றி மாற்றி எழுதி, அவர் எழுதியதில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. தன்னுடைய பழைய திரைக்கதையை எடுத்து அவர் நாவலாக எழுதினார். 1965இல் 'மாடஸ்டி பிளைஸி' என்ற பெயரிலேயே அது வெளியானது. அடுத்த ஆண்டு ஜோசப் லோஸி இயக்கத்தில், மோனிகா விட்டி நடித்து படம் வந்தது. கேலியும் கிண்டலுமாக, பாத்திரங்களையே நக்கலடிக்கும் படம். நாவலைப் படித்துவிட்டு அதைப் பார்த்தால் இந்த ஆட்களா அந்த ஆட்கள் என்று தோன்றும். படத்தை மட்டும் பார்த்துவிட்டு நாவலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து ஒதுக்கியவர்களும் உண்டு, பாவம்.

காமிக்ஸ் ஹீரோவை நாவலாக்குவது புதிய விஷயமில்லை. 1972 முதல் 1975 வரை ஃபேன்டமை வைத்து, நம் வேதாளரைத்தான் சொல்கிறேன், அமெரிக்காவில் 15 சிறு நாவல்கள் வந்தன. அட்டையில் வேதாளரை உருவாக்கிய லீ ஃபால்க் பெயர் பெரிதாக இருக்கும். ஆனால் பலவற்றை எழுதியது வேறு ஆட்கள். அப்படி வருகிற நாவல்களில் பொதுவாக ஒரு வறட்சி இருக்கும். எழுதுபவருக்கு அந்தப் பாத்திரம் விருந்தாளி, எதையும் மாற்றக் கூடாது, எதையும் உடைக்கக் கூடாது. ஓ'டானலுக்கு அந்தச் சங்கடம் இல்லை. காமிக்ஸும் அவருடையது, நாவலும் அவருடையது. 1965க்கும் 1996க்கும் இடையே 11 நாவல்கள், 2 சிறுகதைத் தொகுப்புகள். அதே காலத்தில் தினசரித் துண்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஆள், ஒரே பாத்திரங்கள், இரண்டு ஊடகம், முப்பது வருஷம். இப்படி இன்னொரு உதாரணம் தேடுவது சிரமம்.

சரி, கொண்டாடுபவர்கள் என்ன சொல்கிறார்கள்?

முதலில் எல்லோரும் பேசுவது மாடஸ்டிக்கும் அவளுடைய வலது கையான வில்லி கார்வினுக்கும் உள்ள உறவைத்தான். நாவலாசிரியர் கிங்ஸ்லி ஏமிஸ் இந்த ஜோடியை ஷெர்லாக் ஹோம்ஸ், வாட்சன் ஜோடிக்குப் பக்கத்தில் வைத்துப் பேசியிருக்கிறார். காமிக்ஸிலும் வில்லி அவளை "இளவரசி" என்பான், அவனுக்காக அவளும் அவளுக்காக அவனும் உயிரைக் கொடுப்பார்கள், காதலர்கள் இல்லை. இதெல்லாம் நமக்குத் தெரியும். நாவலில் அதன் தினசரி வாழ்க்கை தெரிகிறது. இரண்டு பேரும் ஓர் அறைக்குள் அடைபட்டுக் கிடக்கும்போது பேசிக்கொள்ளாமலே யார் எந்தக் கதவைப் பார்ப்பது என்று பிரித்துக்கொள்வது. ஒருவருக்கு அடிபட்டால் மற்றவர் ஒரு வார்த்தை அனுதாபம் காட்டாமல் நேரே அடுத்த வேலைக்குப் போவது, ஏனென்றால் அனுதாபம் அப்போது சுமை. எல்லாம் முடிந்தபிறகு அவள் அவன் தோளில் சாய்ந்து ஒருமுறை அழுது தீர்ப்பது. அந்த அழுகையை வில்லி மட்டும்தான் பார்க்கலாம். அவன் அதை ஒரு மரியாதையாக எடுத்துக்கொள்கிறான்.

முதல் நாவலின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் உளவுத்துறைப் பெரியவர் சர் ஜெரால்டு டாரண்ட் மாடஸ்டியின் வீட்டுக்கு வருகிறார். அவள் அப்போது குற்ற உலகத்தை விட்டு விலகி, கையில் வேண்டிய பணத்தோடு, கல்லில் சிற்பவேலை செய்துகொண்டு, சலிப்பில் இருக்கிறாள். அவருக்கு அவளிடம் ஒரு வேலை ஆகவேண்டும். அவர் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது: வில்லி கார்வின் தென் அமெரிக்க நாடு ஒன்றின் சிறையில் சாவை எதிர்பார்த்துக் கிடக்கிறான், அவளுக்கு அது தெரியாது. வேறு எந்த உளவுக் கதையாக இருந்தாலும் பேரம் பேசியிருப்பார்கள். டாரண்ட் பேரம் பேசுவதில்லை. தகவலைச் சும்மா கொடுத்துவிட்டு, பதிலுக்கு எதுவும் வேண்டாம் என்று கிளம்புகிறார். மிரட்டியிருந்தால் அவள் சீறியிருப்பாள், காசு கொடுத்திருந்தால் சிரித்திருப்பாள். சும்மா கொடுத்ததால் அவள் கடன்பட்டுவிட்டாள், கடனை வைத்திருக்கிற ஆள் அவள் இல்லை. அது டாரண்டுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்கிறார் என்பது அவளுக்கும் தெரியும். சில பக்கங்களில், ஒரு கத்தி கூட வெளியே வராமல், மூன்று பேருடைய குணமும் நமக்குப் பிடிபட்டுவிடுகிறது. மூன்றாவது ஆள் அந்த அறையிலேயே இல்லாத வில்லி.

இரண்டாவது, சண்டைகள். ஓ'டானல் சண்டையை எழுதும் விதம் கணக்கு வாத்தியார் கணக்குப் போடும் விதம். எதிராளியின் பலம் என்ன, இடம் எப்படி, தரை வழுக்குமா, கையில் என்ன இருக்கிறது, இதெல்லாம் முதலில் வந்துவிடும். 'தி சில்வர் மிஸ்ட்ரஸ்' (1973) நாவலில் செக்ஸ்டன் என்று ஒருவன் வருகிறான். வெறுங்கைச் சண்டையில் அவனை வெல்ல ஆளில்லை. மாடஸ்டியாலும் முடியாது என்று கதை நமக்கு முன்கூட்டியே நம்ப வைத்துவிடுகிறது. பிரெஞ்சு மலைப் பகுதியில் பூமிக்கடியில் இருக்கும் குகையில் அவர்கள் மோதுகிறார்கள். குளிர்ந்த நீரைத் தாங்குவதற்காக அவள் உடம்பெல்லாம் கிரீஸ் பூசியிருக்கிறாள். பிடித்து ஒடிப்பதுதான் அவன் வித்தை, பிடியோ வழுக்குகிறது. குளிருக்காகச் செய்த ஏற்பாடு சண்டைக்குக் கைகொடுக்கிறது. இதைக் காமிக்ஸில் வரையலாம், அழகாகவும் வரையலாம். ஆனால் அவன் கை எத்தனை முறை வழுக்கியது, ஒவ்வொரு முறையும் அவன் நம்பிக்கை எவ்வளவு குறைந்தது என்பது வார்த்தையில்தான் வரும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம், அது பயம். 'எ டேஸ்ட் ஃபார் டெத்' (1969) நாவலில் டெலிகாட்டா என்று ஒரு பூதாகரமான ஆள், எப்போதும் சிரித்துக்கொண்டே கொல்பவன். அவனிடம் வில்லி முன்பு ஒருமுறை அடிவாங்கியிருக்கிறான். சாதாரண அடி இல்லை. நாவல் முழுக்க வில்லிக்குள் அந்தப் பயம் உட்கார்ந்திருக்கிறது. அவன் அதை மறைப்பதில்லை. இவனை நான் மறுபடி நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்கும், பார்த்தால் தோற்பேன் என்று அவனுக்கே தெரியும். மாடஸ்டிக்கும் தெரியும். கடைசியில் அவர்கள் சஹாராவில் ஒரு பழைய ரோமானிய இடிபாட்டுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்போது, அவள் கையில் வாளோடு ஒரு வாள்வீச்சு நிபுணனை எதிர்கொள்ள, வில்லி டெலிகாட்டாவை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. அங்கே பக்கம் புரட்டும் கையை நிறுத்த முடியாது. நூற்றைம்பது பக்கம் அந்தப் பயத்தோடு நாம் குடித்தனம் நடத்தியிருக்கிறோமே! காமிக்ஸ் வில்லி பயந்து நான் பார்த்ததில்லை. கத்தி எறிவான், ஜோக் அடிப்பான், அவ்வளவுதான்.

மாடஸ்டி எங்கிருந்து வந்தாள் என்பதை ஓ'டானலே பிற்பாடு எழுதியிருக்கிறார். 1942இல் அவர் ராணுவத்தில் தகவல் தொடர்புப் பிரிவில் வட பாரசீகத்தில் இருந்தார். ஒருநாள் பன்னிரண்டு வயது இருக்கும் ஓர் அகதிச் சிறுமி தனியாக நடந்து வந்தாள். தலையில் ஒரு மூட்டை, கழுத்தில் தொங்கவிட்ட மரக்கட்டை, அதில் ஓர் ஆணி. அதுதான் அவளுடைய ஆயுதம். படைவீரர்கள் உணவு கொடுத்தார்கள், சாப்பிட்டாள், பாத்திரங்களைக் கழுவி வைத்தாள், மூட்டையில் கொஞ்சம் பொருள் வாங்கிக்கொண்டாள், போகும்போது சிரித்தாள், போய்விட்டாள். இருபது வருஷம் கழித்து, ஆண்கள் செய்வதையெல்லாம் செய்யக்கூடிய ஒரு கதாநாயகி வேண்டும், அவள் எங்கே கற்றிருப்பாள் என்று யோசித்தபோது அந்தச் சிறுமி நினைவுக்கு வந்தாள். கதையில் மாடஸ்டிக்கு அகதி முகாமில் லோப் என்ற வயதான ஹங்கேரிய அறிஞர் கிடைக்கிறார். அவள் அவருக்குச் சோறு திருடிக் கொடுத்துக் காவல் காக்கிறாள், அவர் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். நாவல்களில் இந்தப் பழைய வாழ்க்கை அடிக்கடி வராது, வரும்போது ஓரிரண்டு வரிதான். இரவில் எங்கே தூங்கினாலும் முதலில் வெளியேறும் வழியைப் பார்த்து வைத்துக்கொள்ளும் பழக்கம் ஒரு குழந்தைக்கு எப்படி வந்திருக்கும் என்று வாசகன் தானே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது குறை சொல்பவர்கள் பக்கம் வருகிறேன். அவர்களும் சும்மா சொல்லவில்லை.

எல்லா நாவலும் ஒரே அச்சு என்கிறார்கள். உண்மை. யாரோ ஒரு நல்லவர் ஆபத்தில் மாட்டுகிறார், மாடஸ்டியும் வில்லியும் தலையிடுகிறார்கள், தொலைதூரத்தில் ஓர் இடத்தில் இருவரும் சிறைபிடிக்கப்படுகிறார்கள், அங்கிருந்து ஒரு திட்டம், கடைசியில் ஒரு பெரிய மோதல். ஹிந்துகுஷ் மலை, குவாட்டமாலா காடு, டாஸ்மன் கடல் தீவு என்று இடம் மாறும், அமைப்பு மாறாது. அடுத்தடுத்து மூன்றைப் படித்தால் உங்களுக்கே சலிக்கும். இடைவெளி விட்டுப் படிக்கவேண்டிய சரக்கு இது.

ஆரம்பம் மெதுவாகப் போகிறது என்பது அடுத்த புகார். முதல் மூன்றில் ஒரு பங்கு ஆட்களை நிறுத்தி வைப்பதிலேயே போகும். துப்பாக்கியின் வகை, உடையின் துணி, காரின் பெயர், ஒயினின் ஊர் என்று அறுபதுகளின் உளவுக் கதைகளுக்கே உரிய விவரணைகள். அன்றைக்கு வாசகருக்கு அது பகட்டாகத் தெரிந்திருக்கும், இன்று கண்ணை ஓட்டிவிட்டுப் போகலாம். ஆனால் கவனமாகப் போங்கள். பத்தாம் பக்கத்தில் சும்மா சொன்ன கொண்டை ஊசியும் காலணிக் குதிகாலும் இருநூறாம் பக்கத்தில் உயிரைக் காப்பாற்றும். அவள் கொண்டைக்குள் ஒளித்து வைத்திருக்கும் கோங்கோ என்ற கைக்கட்டை உங்களுக்குக் காமிக்ஸிலேயே பழக்கமாகியிருக்கும்.

மூன்றாவது புகார் காலத்தைப் பற்றியது. இதில் நான் குறை சொல்பவர்கள் பக்கம்தான் பாதி நிற்கிறேன். 'சேபர் டூத்' (1966) நாவலில் மாடஸ்டி ஒரு கூலிப்படை முகாமுக்குள் சிக்குகிறாள். அங்கே அவளுக்கு நடக்கும் பாலியல் கொடுமையை அவள் மனதை மூடிக்கொண்டு கடந்துபோகிறாள், பிறகு அதைத் தூசி தட்டுவது மாதிரி தட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறாள். எழுத்தில் கிளுகிளுப்பு இல்லை, ஓ'டானல் அதை வெகு சுருக்கமாகத்தான் எழுதுகிறார். ஆனாலும் அப்படி ஒன்றை ஒரு பெண் அவ்வளவு லேசாகக் கடந்துவிட முடியும் என்று எழுதிய ஆண் கையை இன்றைய வாசகி சந்தேகத்தோடுதான் பார்ப்பாள். பார்க்கத்தான் வேண்டும். அவளைப் பிழைத்து வந்தவளாகக் காட்டுகிறார், அதனால் இது அவளுடைய பலம் என்று வாதாடுகிற வாசகர்களும் இருக்கிறார்கள். பெண்களே சிலர் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு இரண்டு முறை படித்தும் அந்த இடம் உறுத்துகிறது. பிறகு 'நெய்லர்' என்கிற அவளுடைய தந்திரம்: மேலாடை இல்லாமல் அறைக்குள் நுழைவாள், ஆண்கள் இரண்டு விநாடி திகைப்பார்கள், அந்த இரண்டு விநாடியில் வில்லி முடித்துவிடுவான். ஒருபக்கம் இது ஆண்களின் முட்டாள்தனத்தைப் பற்றிய ஜோக். இன்னொருபக்கம், ஒப்புக்கொள்வோம், இது பத்திரிகை விற்கிற சமாசாரம். ஆசிய, அரபுப் பாத்திரங்கள் சிலவற்றிலும் அந்தக் காலத்து இங்கிலாந்தின் நெடி அடிக்கும்.

அதே 'சேபர் டூத்'தில் இன்னொன்றும் இருக்கிறது. வில்லன் கார்ஸ் கூலிப்படை ஒன்றைத் திரட்டிக் குவைத்தைப் பிடிக்கத் திட்டம் போடுகிறான். எழுதிய வருஷம் 1966. குவைத் நிஜமாகவே படையெடுக்கப்பட்டது 1990இல்.

அமானுஷ்யம் வேண்டாம் என்பவர்கள் ஒரு கோஷ்டி. 'ஐ, லூசிஃபர்' (1967) நாவலில் தன்னைச் சாத்தானாகவே நம்பும் ஓர் இளைஞன் வருகிறான். யார் எப்போது இயற்கையாகச் சாவார்கள் என்று அவனால் சொல்ல முடிகிறது. செஃப் என்ற பொம்மலாட்டக்காரன் இவனை வைத்து ஒரு வியாபாரமே நடத்துகிறான். பலருக்கு மிரட்டல் கடிதம் போகிறது; சாகப்போகிறவர்கள் தாமாகவே செத்துவிடுவதால் மற்றவர்கள் அரண்டுபோய்ப் பணம் கொடுக்கிறார்கள். பணத்தைக் கடலில் போடவேண்டும், பழக்கிய டால்பின்கள் எடுத்து வரும். கேட்டால் அபத்தம்தான்! ஆனால் படிக்கும்போது அபத்தமாகத் தெரியாது, காரணம் லூசிஃபர். அவன் வில்லன் இல்லை, மனநிலை பிறழ்ந்த, அழகான, பாவப்பட்ட பையன். மாடஸ்டி அவனிடம் காட்டும் இரக்கம் கதையை வேறொரு இடத்துக்குக் கொண்டுபோகிறது. ஓ'டானலின் வில்லன்களைப் பற்றி மட்டும் தனியாக எழுதலாம். முதல் நாவலின் கேப்ரியல் கொலைகளுக்கு நடுவே கார்ட்டூன் படம் பார்த்து ரசிப்பவன். இவன் காமிக்ஸிலிருந்து நாவலுக்கு வந்த ஆள். 'தி ஜனாடு டாலிஸ்மன்' (1981) நாவலில் கொள்ளைக்கூட்டத்தை ஆட்டிவைப்பது வயதான ஓர் ஆங்கிலேய ஆயா. தான் வளர்த்த பிள்ளைகள் இப்போது கொலைகாரர்கள், இன்னும் அவர்களைக் கைகழுவச் சொல்லி அதட்டிக்கொண்டிருக்கிறாள்.

வாசகர்கள் உண்மையிலேயே சண்டை போட்டுக்கொள்வது கடைசிப் புத்தகத்தைப் பற்றித்தான். முடிவு தெரியவேண்டாம் என்றால் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

'கோப்ரா ட்ராப்' (1996) ஐந்து கதைகள் கொண்ட தொகுப்பு. கடைசிக் கதையில் மாடஸ்டிக்கு 52 வயது. அவளுக்கு மூளையில் கட்டி, யாரிடமும் சொல்லவில்லை. கலவரத்தில் தப்பி ஓடும் மக்களைக் காப்பாற்றும் சண்டையில் அவள் சாகிறாள், வில்லியும் சாகிறான். முப்பது வருஷமாகத் தொடர்ந்து படித்தவர்களுக்கு இது நெஞ்சில் அடித்த மாதிரி. "நான் அந்தக் கதையைப் படிக்கவே மாட்டேன்" என்று புத்தகத்தை அலமாரியில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். "அவள் படுக்கையில் சாகிற ஆள் இல்லை, இதுதான் நியாயம்" என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். தன் பாத்திரத்தைத் தன் காலத்துக்குப்பின் வேறு யாரும் எடுத்து எழுதக்கூடாது என்ற எண்ணம் ஓ'டானலுக்கு உண்டு. கதவைத் தானே பூட்டிவிட்டுப் போவது என்று முடிவெடுத்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால் காமிக்ஸ் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. ஹோல்டவே 1970இல் இறந்தபிறகு ஸ்பானிய ஓவியர் ரொமேரோ வந்தார், நடுவில் வேறு சிலர் வரைந்தார்கள், திரும்ப ரொமேரோ. 2001 ஏப்ரல் 11 அன்று, ஓ'டானலின் 81ஆவது பிறந்தநாளில், தொடர் முடிந்தது. அங்கே யாரும் சாகவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நாள் ஓய்வு என்று கிளம்பிப் போகிறார்கள். ஆக, நாவல் வாசகருக்கு மாடஸ்டி இறந்துவிட்டாள், காமிக்ஸ் வாசகருக்கு விடுமுறையில் இருக்கிறாள். இரண்டையும் எழுதியவர் ஒருவரே. எனக்கு நாவலின் முடிவு பிடிக்கும். ஆனால் முதலிலேயே அதைப் படித்தால் ஒன்றும் ஏறாது, பாதி நாவல்களாவது படித்திருந்தால்தான் வலிக்கும்.

நம் ஊர் காமிக்ஸ் வாசகர்களுக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1984 ஜூலையில் லயன் காமிக்ஸின் முதல் இதழே 'கத்தி முனையில் மாடஸ்டி'தான். அன்றிலிருந்து நமக்கு மாடஸ்டியும் கார்வினும் நல்ல தமிழ் பேசியே பழக்கம். நாவலைத் திறந்தால் வில்லி பேசுவது கிழக்கு லண்டன் கொச்சை. அதை ஓ'டானல் ஒலிப்படியே எழுதுகிறார், பல சொற்களில் முதல் எழுத்தே காணாமல் போயிருக்கும். முதல் ஐம்பது பக்கம் தடுக்கும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், சட்டென்று பிடிபடும். இந்தப் பேச்சைப் பார்த்துவிட்டு அவனை முரட்டு ஆள் என்று முடிவு கட்டிவிடவேண்டாம். பைபிளின் சங்கீதங்களை மனப்பாடமாக ஒப்பிப்பான். ஒருமுறை சிறையில் இருந்தபோது படிக்கக் கிடைத்த ஒரே புத்தகம் அதுதான்.

எதில் தொடங்குவது? முதல் நாவலிலேயே தொடங்குங்கள். அது ஆகச் சிறந்தது இல்லை, ஆனால் டாரண்ட் வந்து போகும் அந்தத் தொடக்கத்தைத் தவறவிடக்கூடாது. பிறகு 'ஐ, லூசிஃபர்', அப்புறம் 'எ டேஸ்ட் ஃபார் டெத்'. இந்த வரிசையை மாற்றாதீர்கள், ஏனென்றால் முதலாவதில் வரும் கேப்ரியலும், இரண்டாவதில் அறிமுகமாகும் ஸ்டீவ் காலியரும் மூன்றாவதில் திரும்ப வருகிறார்கள். அது பிடித்திருந்தால் 'தி சில்வர் மிஸ்ட்ரஸ்', 'லாஸ்ட் டே இன் லிம்போ' (1976). லிம்போ என்பது குவாட்டமாலாக் காட்டுக்குள் ஒரு காப்பித் தோட்டம். கடத்திக்கொண்டு வந்த பணக்காரர்களை அங்கே அடிமைகளாக வேலை வாங்குகிறார்கள். 'சேபர் டூத்'தை மேலே சொன்ன எச்சரிக்கையோடு எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். 'டெட் மேன்ஸ் ஹேண்டில்' (1985) கடைசிக்குத் தள்ளுங்கள், அதில் வில்லியை வசியப்படுத்தி மாடஸ்டியைக் கொல்ல ஏவிவிடுகிறார்கள்; யோசனை பலம், கதை பலவீனம்.

முழு நாவலுக்குப் பொறுமை இல்லை என்றால் 'பீசஸ் ஆஃப் மாடஸ்டி' (1972) என்ற ஆறு கதைத் தொகுப்பை வாங்குங்கள். ஒரு கதையில் பெர்லின் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு விஞ்ஞானியைச் சர்க்கஸ் பீரங்கியில் வைத்துச் சுட்டு இந்தப் பக்கம் கொண்டு வருகிறார்கள். இன்னொன்றை வில்லியே தன் வாயால் சொல்கிறான், இளவரசியை அவன் எப்படிப் பார்க்கிறான் என்பதற்கு அது ஒன்று போதும். மூன்றாவதாக 'எ பெட்டர் டே டு டை': பள்ளிச் சிறுமிகளோடு பஸ்ஸில் போகும், வன்முறையே கூடாது என்று நம்பும் ஒரு பாதிரியாரோடு சேர்ந்து மாடஸ்டி கெரில்லாப் போராளிகளிடம் மாட்டுகிறாள். பாதிரியார் அவளைக் கண்டிக்கிறார், அவள் அவரோடு வாதாடுவதில்லை. அந்த ஒரு கதையைப் படித்துவிட்டு உங்களுக்கு யார் மேல் கோபம் வருகிறது என்று பாருங்கள். அவள் மேல் என்றால் நாவல்களை விட்டுவிடுங்கள், ஹோல்டவே, ரொமேரோ படங்களே போதும். டைட்டன் நிறுவனம் 2004 முதல் 2017 வரை 30 தொகுதிகளாக முழுத் தொடரையும் போட்டிருக்கிறது. பாதிரியார் மேல் என்றால் முதல் நாவலை வாங்கிவிடலாம்.